மைனஸ் எழுபத்தெட்டு

எங்கள் கப்பலிலிருந்து பார்த்தால் தரை நன்றாகவே தெரியும். துறைமுகத்துக் கிரேன்கள் தெரியும், எண்ணெய்த் தொட்டிகள் தெரியும், காலையில் பள்ளிக்கூட வேன் ஒன்று கடலோரச் சாலையில் திரும்புவதுகூடத் தெரியும். போய்க் கால் வைக்கத்தான் முடியாது. கப்பலின் விசிறியைச் சுழற்றும் தண்டில் ஒரு வளையம் தேய்ந்து தண்ணீர் உள்ளே கசியத் தொடங்கியதும், இழுவைப் படகு ஒன்று எங்களைக் கட்டி இழுத்து வந்து இந்த அயல்நாட்டுத் துறைமுகத்துக்கு வெளியே நிறுத்திவிட்டுப் போய்விட்டது. புது வளையம் விமானத்தில் வந்து இறங்கி, சுங்கக் கிடங்கில் உட்கார்ந்திருக்கிறது. நாங்கள் கடலில் உட்கார்ந்திருக்கிறோம். இரண்டு தரப்புக்கும் ஒரே ஒரு கையெழுத்துதான் தேவை. அதைப் போட வேண்டியவர் எங்கே உட்கார்ந்திருக்கிறார் என்றுதான் யாருக்கும் தெரியவில்லை.

சாதாரணச் சரக்குக் கப்பலாக இருந்தால் இந்நேரம் உள்ளே போய், பழுது பார்த்து, கிளம்பியும் இருப்போம். நாங்கள் கடல் ஆராய்ச்சிக் கப்பல். ஒலியை அனுப்பிக் கடலடியை அளக்கும் கருவிகள் எங்களிடம் இருக்கின்றன. இவர்கள் பழுது பார்க்க வந்தார்களா, வேவு பார்க்க வந்தார்களா என்று அந்த நாட்டில் ஏதோ ஓர் அமைச்சகத்துக்குச் சந்தேகம் வந்துவிட்டது. அது தீரும்வரை கப்பல் உள்ளே போகக் கூடாது, ஆட்கள் இறங்கக் கூடாது, கருவிகளைத் தொடக் கூடாது. எல்லாவற்றையும் தார்ப்பாய் போட்டுப் போர்த்திக் கட்டி வைத்திருக்கிறோம். சுற்றிலும் கடல், நாங்களோ கடலைப் படித்தவர்கள், ஆனால் ஒரு வெப்பமானியைக்கூட அதில் நனைக்க அனுமதி கிடையாது. தாகத்தில் இருப்பவனைக் குளத்துக்குள் நிறுத்தி வாயைக் கட்டியதுபோல இருந்தது.

துறைமுகத்தில் எங்களுக்காக அலைகிற ஏஜென்ட்டுக்கு நாங்கள் வைத்த பெயர் 'நாளைக்கு'. காலையில் கேப்டன் அறையில் ஃபோன் அடிக்கும். "நாளைக்குக் கண்டிப்பா முடிஞ்சிடும்" என்பார். ஆரம்பத்தில் எங்களுக்குக் கோபம் வந்தது. பிறகு சிரிப்பு வந்தது. இப்போது இரண்டும் வருவதில்லை. சமையல்காரர் மட்டும், ஃபோன் பேசி முடித்து வெளியே வரும் கேப்டனிடம் விடாமல் விசாரிப்பார். காய்கறி தீர்ந்துபோய்க் கிழங்கும் வெங்காயமும் மட்டும் கையில் வைத்துக்கொண்டு எங்கள் வாய்க்குப் பதில் சொல்ல வேண்டிய மனிதர் அவர்.

தண்ணீருக்கும் கட்டுப்பாடு. கடல்நீரைக் குடிநீராக்கும் இயந்திரத்தைத் துறைமுக வாசலில் ஓட்ட முடியாது. இங்கே தண்ணீரில் எண்ணெயும் கழிவும் கலந்திருப்பதால் வடிகட்டி அடைத்துக்கொள்ளும். தொட்டியில் இருப்பதை வைத்துத்தான் சமாளிக்க வேண்டும். ஆளுக்கு ஒரு பக்கெட், அதுவும் ஒருநாள் விட்டு ஒருநாள். படித்தவர்கள், பட்டம் வாங்கியவர்கள், வெள்ளைக் கோட்டு போட்டவர்கள் எல்லோரும் ஒரே மாதிரி நாறிக்கொண்டிருந்தோம்.

இந்தக் கப்பலில் என் வேலை ஃப்ரீசரைப் பார்த்துக்கொள்வது. ஆழ்கடலின் அடியிலிருந்து நாங்கள் எடுத்து வந்த சேறு முழுவதும் சின்னச் சின்னக் குழாய்களில் அடைபட்டு அதற்குள்தான் இருக்கிறது. அந்தச் சேற்றில் வாழும் நுண்ணுயிர்கள் கெடாமல் இருக்க வேண்டுமானால் குளிர் மைனஸ் எண்பதை ஒட்டியே நிற்க வேண்டும். ஏறிக்கொண்டே போனால் மூன்று வருட உழைப்பு வெறும் சேறாகிவிடும். மற்றவர்களின் கருவிகள் எல்லாம் தார்ப்பாய்க்கு அடியில் தூங்க, கப்பலில் அளக்க மிச்சமிருந்த ஒரே பொருள் என் ஃப்ரீசர்தான். வேலையில்லாத விஞ்ஞானிகள் வழியில் என்னைப் பார்த்தால், "இன்னிக்கு எவ்வளவு?" என்று கிரிக்கெட் ஸ்கோர் கேட்கிற மாதிரி கேட்பார்கள். நானும் பெருமையாகச் சொல்வேன். மைனஸ் எழுபத்தெட்டு. நேற்றும் அதுதான். நாளையும் அதுதான். மற்ற எதுவும் என் சொல் கேட்காதபோது அது ஒன்றாவது கேட்டது.

இனி என் நாத்தனாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவள்தான் எங்கள் ஆய்வுக் குழுவின் தலைவி. என் கணவருக்கு அக்கா. அவளிடம் உதவியாளராக நான் சேர்ந்த இரண்டாவது வருடம், சேற்றுக் கையோடு நின்றுகொண்டிருந்த என்னைத் தலை முதல் கால் வரை பார்த்துவிட்டு, "எனக்கு ஒரு தம்பி இருக்கான், பாக்கறியா?" என்று கேட்டவள். அப்படி நடந்த கல்யாணம். ஆய்வகத்தில் அவளை மேடம் என்பேன், அறைக்குள் அண்ணி என்பேன். அவளோ எங்கேயும் ஒரே மாதிரிதான் இருப்பாள், விறைப்பாக. சொந்தக்காரி என்று எனக்கு ஒரு கடுகளவு சலுகைகூட வந்துவிடக் கூடாது என்பதில் அவளுக்கு அப்படி ஒரு கவனம். மற்றவர்கள் பிழை செய்தால் தனியாகக் கூப்பிட்டுச் சொல்வாள். நான் செய்தால் கூட்டம் கூட்டிச் சொல்வாள்.

கப்பலில் எங்கள் இருவருக்கும் ஒரே அறை. மேல் கட்டில் எனக்கு, கீழ்க் கட்டில் அவளுக்கு. ஒருத்தி சட்டை மாற்றினால் இன்னொருத்தி சுவரைப் பார்த்து நிற்க வேண்டிய அளவு அறை.

எங்கள் எல்லோருக்குமே வீட்டுக்குப் போகும் அவசரம் இருந்தது. எனக்கு இருந்த அவசரம் வேறு. என் மகளுக்கு ஐந்து வயது. பிறந்ததிலிருந்தே அவளுக்குக் கண்கள் நேராக நிற்பதில்லை. இரண்டும் மூக்கின் பக்கமாகச் சாயும். "என் கண்ணு ரெண்டும் மூக்கைத்தான் விசாரிக்குது" என்று அவளே சொல்லிச் சிரிப்பாள். கண்ணாடி போட்டுப் பார்த்தாகிவிட்டது, சொட்டு மருந்து விட்டுப் பார்த்தாகிவிட்டது. இனி அறுவை சிகிச்சைதான், இன்னும் தள்ளிப்போட்டால் ஒரு கண் பார்ப்பதையே மறந்துவிடும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். நெடுநாள் காத்திருந்து ஒரு தேதி கிடைத்தது. நான் திரும்பிவந்து, ஓய்வெடுத்து, அவளுக்குப் புதுச் சட்டையெல்லாம் வாங்கி முடித்த பிறகு வரும்படியான தேதி. வளையம் தேய்ந்து, 'நாளைக்கு' ஒவ்வொரு நாளாகத் தின்று தீர்த்ததில் அந்தத் தேதி இப்போது எதிரில் வந்து நின்றது.

சிகிச்சை முடிந்ததும் இரண்டு கண்ணுக்கும் கட்டுப் போட்டிருப்பார்கள் என்று கேள்விப்பட்டபோது அவள் பயந்தது வலிக்கு இல்லை. "கட்டு போட்டா யாரு இருக்காங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்றாள். நான் கிளம்புவதற்கு முன் அவளுக்குக் கொடுத்த வாக்கு இதுதான்: அவள் விழிக்கும்போது அவள் கை என் கைக்குள் இருக்கும். அவள் வேறு எதுவும் கேட்கவில்லை. பொம்மைகூடக் கேட்கவில்லை.

ஒரே ஒரு ஆள் தரையில் இறங்க அனுமதி கிடைத்தால் போதும், விமானம் பிடித்து அன்றே வீட்டில் இருப்பேன். கேப்டன் நல்ல மனிதர். எனக்காக ஏஜென்ட்டிடம் கேட்டார். கப்பலில் இருப்பவருக்கே உடம்பு சரியில்லை என்றால் இறக்கலாம், வீட்டில் இருக்கும் குழந்தைக்கு என்றால் விதியில் இடமில்லை என்று பதில் வந்தது. சமையல்காரர் உடனே எனக்கு வயிற்று வலி வரவழைக்கும் யோசனையைச் சொன்னார். முயன்றேன். மருத்துவம் தெரிந்த இரண்டாம் அதிகாரி என் வயிற்றில் விரலை வைத்து, "இங்க வலிக்குதா?" என்று கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்து தொலைத்தது. என் முகத்துக்கு மறைக்கத் தெரியாது. உள்ளே ஓடுவது எல்லாம் மூஞ்சியில் எழுதி ஒட்டியிருக்கும்.

கடைசியில் நாத்தனாரிடம் போனேன். தலைவி என்ற முறையில் அவள் எழுதிக் கேட்டால் ஒருவேளை நடக்கலாம். அவள் கீழ்க் கட்டிலில் உட்கார்ந்து கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே கேட்டாள். கேட்டுவிட்டு, "எல்லார் வீட்லயும் ஏதோ ஒண்ணு நடந்துக்கிட்டுத்தான் இருக்கு. என் தம்பி பொண்டாட்டிக்குன்னு நான் போய் நின்னா, அப்புறம் மத்தவங்க முகத்துல எப்படி முழிக்கறது?" என்றாள்.

எனக்குக் கோபம் மூக்கு நுனியில்தான் எப்போதும் இருக்கும். அன்றைக்கு அது வாய்க்கு வந்துவிட்டது. "உங்களுக்குன்னு ஒரு குழந்தை இருந்திருந்தா இப்படிப் பேசமாட்டீங்க" என்றேன்.

அவள் கல்யாணம் செய்துகொள்ளாதவள். என் மகள் பிறந்த அன்று மருத்துவமனையில் என் கணவருக்கு முன்னால் குழந்தையைக் கையில் வாங்கியவள். சொன்ன அடுத்த நொடியே நாக்கைக் கடித்துக்கொண்டேன். ஆனால் சொல்லை அள்ளவா முடியும். அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டாள், விளக்கை அணைத்தாள், படுத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு நான் அவளை மேடம் என்றும் கூப்பிடவில்லை, அண்ணி என்றும் கூப்பிடவில்லை. கூப்பிட வேண்டிய இடத்தில் தொண்டையைக் கனைத்தேன். மன்னிப்புக் கேட்கலாம் என்று வாயெடுத்த அன்று மத்தியானம், சாப்பாட்டு அறையில் அத்தனை பேருக்கு நடுவில், பாட்டில் கழுவ இரண்டு பக்கெட் நல்ல தண்ணீர் எடுத்தது யார் என்று தனக்குத் தெரியும், சொந்தக்காரர்களுக்கு இந்தக் கப்பலில் தனிக் குழாய் கிடையாது என்று சொல்லிவிட்டாள். எல்லோரும் தட்டைப் பார்த்தார்கள். நான் மன்னிப்பை அப்படியே விழுங்கிவிட்டேன்.

பேசாமல் இருப்பதற்கு ஊரில் எவ்வளவோ இடம் உண்டு. ஒருத்தி சமையலறையில் இருந்தால் இன்னொருத்தி மாடிக்குப் போகலாம். கப்பலில் எங்கே போவது? பல் தேய்க்கும் இடத்தில் அவள், படிக்கட்டில் அவள், தளத்தில் காற்று வாங்கப் போனால் அங்கேயும் அவள். படுத்தால் கீழிருந்து அவள் மூச்சு கேட்கும். அவள் தூங்கவில்லை என்று எனக்குத் தெரியும், நான் தூங்கவில்லை என்று அவளுக்கும் தெரியும். இரண்டு பேரும் தூங்குவதுபோல அசையாமல் கிடப்போம். எனக்கு மூச்சு முட்டியது. ஓடிப்போய்க் கடலில் குதித்து நீந்திவிடலாம் என்றுகூடத் தோன்றியது. நீச்சல் தெரிந்திருந்தால் செய்திருப்பேனோ என்னவோ. கடலிலேயே பாதி வாழ்க்கையைக் கழித்தவளுக்கு நீச்சல் தெரியாது என்பது வெளியே சொல்லக்கூடிய விஷயம் இல்லை.

மகளோடு பேசுவதற்குப் பின்தளத்துக்குப் போக வேண்டும். கருவிகளைக் கடலில் இறக்குகிற பெரிய இரும்புச் சட்டத்தின் அடியில் நின்றால்தான் தரையிலிருந்து சிக்னல் வரும். தினமும் அவள் ஒன்றையே கேட்டாள், எப்போது வருகிறாய் என்று. தினமும் நான், நாளைக்கு என்றேன். சொல்லிவிட்டு ஒருநாள் எனக்கே தூக்கிவாரிப் போட்டது. ஏஜென்ட்டின் தொனிகூட அப்படியே எனக்கு வந்துவிட்டிருந்தது.

சிகிச்சைக்கு முந்தின நாளுக்கும் முந்தின நாள் காலை, ஃப்ரீசரைப் பார்க்கக் கீழ்த்தளத்துக்கு இறங்கினேன். நாத்தனார் ஆய்வகத்திலிருந்து வெளியே வந்துகொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் கைகளைக் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டு ஒதுங்கிப் போனாள். உள்ளே போய்ப் பார்த்தால் ஃப்ரீசரின் கதவு சரியாகத் தாழிடப்படவில்லை. விளிம்பெல்லாம் புதிதாகப் பனி பூத்திருக்கிறது. முகப்பில் மைனஸ் அறுபது என்று சிவப்பில் மின்னுகிறது. கதவை அழுத்தி மூடி, பனியைச் சுரண்டி, அதன் முன்னாலேயே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டேன். எண் மெதுவாக இறங்கியது. அறுபத்தைந்து, எழுபது. எனக்குக் கோபம் அதைவிட வேகமாக ஏறியது. என் வேலையைச் சோதனை போட வந்து, கதவை ஒழுங்காக மூடாமல் போயிருக்கிறாள். இதையே நான் செய்திருந்தால் கூட்டம் கூட்டியிருப்பாள்.

எண் எழுபத்தெட்டைத் தொட்ட நேரம், கேப்டன் கூப்பிடுவதாக ஆள் வந்து சொன்னார்கள்.

கேப்டன் அறையில் அவரும் நாத்தனாரும் மேஜையின் இரண்டு பக்கமும் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் ஃபோன், ஸ்பீக்கரில். மறுமுனையில் ஏஜென்ட் மட்டும் இல்லை, துறைமுகத்தின் சுகாதார அதிகாரியும் இருக்கிறார் என்று கேப்டன் மெதுவான குரலில் சொன்னார். நான் கதவோரம் நின்றேன்.

நாத்தனார் தன் விறைப்பான குரலில் பேசிக்கொண்டிருந்தாள். கப்பலில் உறைய வைத்திருக்கும் மாதிரிகள் கெட்டுப்போகும் நிலையில் இருக்கின்றன. ஃப்ரீசர் சரியாக வேலை செய்யவில்லை. இன்று காலை தானே நேரில் பார்த்தபோது மைனஸ் அறுபதுக்கு ஏறியிருந்தது. கெடக்கூடிய பொருள்களை உடனே கரைக்கு எடுத்துப்போக விதியில் இடமிருக்கிறது அல்லவா என்று கேட்டாள். இருக்கிறது என்றார் அதிகாரி. அதைக் கையாளத் தெரிந்த ஒருவர் கூடவே போக வேண்டும் அல்லவா என்றாள். ஒருவர் போகலாம் என்றார் அதிகாரி. ஃப்ரீசரை யார் கவனித்துக்கொள்கிறார்கள், அவரிடம் பேச முடியுமா என்றார்.

நாத்தனார் என் பக்கம் திரும்பினாள். கண்ணை அகல விரித்து என்னையே பார்த்தாள். முறைக்கிறாள் என்று நினைத்தேன்.

எனக்கு அவள் பேசியதில் பாதிதான் காதில் ஏறியிருந்தது. ஃப்ரீசர் சரியில்லை என்பது ஏறியிருந்தது. அயல்நாட்டு அதிகாரியின் முன்னால், கேப்டனின் முன்னால், தான் செய்த தப்பை என் ஃப்ரீசர் தலையில் கட்டுகிறாள் என்பது ஏறியிருந்தது. ஃபோனின் பக்கம் குனிந்தேன்.

"ஃப்ரீசர்ல எந்தக் கோளாறும் இல்ல சார். காலையில யாரோ கதவைச் சரியா மூடாம விட்டுட்டாங்க. நான் மூடினேன், சரியாயிடுச்சு. இப்பதான் பாத்துட்டு வரேன், மைனஸ் எழுபத்தெட்டு. இன்னும் ஒரு வருஷம் ஆனாலும் தாங்கும்."

கேப்டன் கண்ணை மூடிக்கொண்டார்.

மறுமுனையில் அதிகாரி, நல்லது, அப்படியென்றால் யாரும் இறங்கத் தேவையில்லை என்றார். ஏஜென்ட்டின் குரலில் நிம்மதி வழிந்தது. அவருக்கு ஒரு விண்ணப்பம் குறைந்தது. ஃபோன் வைக்கப்பட்டது. நாத்தனார் எழுந்து, என்னைத் தாண்டி வெளியே போனாள். அவள் நடையில் கோபம் இல்லை. அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு முதல்முறையாகச் சந்தேகம் வந்தது.

"அந்தச் சேத்தோட கரைக்கு நீங்கதான் போற மாதிரி ஏற்பாடு. முந்தாநாள்லேருந்து மேடம் இதுக்குத்தான் என்கூட உக்காந்து விதியெல்லாம் பொரட்டிக்கிட்டு இருந்தாங்க" என்றார் கேப்டன்.

என் தலையில் நானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டேன் என்று பேச்சுக்குச் சொல்வார்கள். எனக்கு அப்போது அந்த மண்ணின் கனம் நிஜமாகவே தெரிந்தது. நேராக அறைக்கு வந்தேன். நாத்தனார் கீழ்க் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். வலது கையை மடியில் மல்லாத்தி வைத்திருந்தாள். விரல் நுனிகள் சிவந்து வீங்கியிருந்தன.

"நீங்கதான் கதவைத் திறந்து வெச்சீங்களா?"

"ஆமா."

"எதுக்கு?"

"எனக்குப் பொய் சொல்ல வராது. அதான் நிஜமாவே ஏத்திட்டு வந்து சொன்னேன்" என்றாள். "அறுபதைத் தாண்ட விட்டிருக்கமாட்டேன். பக்கத்துலயே கதவைப் புடிச்சுக்கிட்டு நின்னேன்."

கையுறை போட்டுக்கொள்ள மறந்துபோய், அந்தக் குளிரில், தன் மூன்று வருடச் சேற்றின் முன்னால் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறாள். ஒரு பொய்யைச் சொல்வதற்குக்கூட அளவெடுத்துக்கொண்டு வந்து சொல்கிற பெண் இவள் ஒருத்திதான். அவளுக்கு வாய்த்த ஒரே உதவியாளரான நான், அந்த அளவு தப்பென்று நிரூபித்துவிட்டு வந்திருக்கிறேன்.

"முன்னாடியே எங்கிட்ட சொல்லியிருக்கலாமே" என்றேன். அழுகை வந்துவிட்டது.

"சொன்னா நீ நடிக்கணும். உன் நடிப்பைத்தான் வயித்து வலியிலயே பாத்தாச்சே. அதான் கண்ணால ஜாடை காட்டினேன்."

"முறைச்சீங்க."

"என் மொகமே அப்படித்தான்டி" என்றாள்.

எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்து புரையேறியது. அவள் சிரிக்கவில்லை. இப்போதே போய்த் திரும்பவும் கதவைத் திறக்கிறேன், விடிய விடியத் திறந்து வைக்கிறேன், எல்லாம் உருகட்டும் என்று எழுந்தேன். அவள் என் கையைப் பிடித்து உட்கார வைத்தாள். எழுபத்தெட்டு என்று அதிகாரி காதால் கேட்டுவிட்டார். இனி மாற்றிச் சொன்னால் விளையாடுகிறோம் என்று நினைப்பார்கள், அப்புறம் கப்பல் முழுவதற்கும் வர வேண்டிய கையெழுத்தும் வராது என்றாள். சொல்லும்போது அவள் குரல் விறைப்பாகத்தான் இருந்தது. கை மட்டும் என் கையை விடவில்லை.

"அன்னிக்கு நான் சொன்ன வார்த்தை, அண்ணி" என்று ஆரம்பித்தேன்.

"அது இருக்கட்டும்" என்றாள். "குழந்தைகிட்ட என்ன சொல்லப்போறே?"



சிகிச்சை அன்று காலையில் பின்தளம் காலியாக இருந்தது. வழக்கமாக அங்கே நாலு பேர் ஃபோனும் காதுமாக நின்றுகொண்டிருப்பார்கள். சமையல்காரர் யாரிடம் என்ன சொல்லி வைத்தாரோ, ஒருவரும் அந்தப் பக்கம் வரவில்லை. வெயில் ஏற ஏறத் தளத்தின் இரும்பு கொதித்தது. நான் சட்டத்தின் அடியில் நின்றேன், உட்கார்ந்தேன், திரும்ப நின்றேன். நாத்தனார் கூடவே இருந்தாள். உள்ளே கொண்டுபோய்விட்டார்கள் என்று கணவர் செய்தி அனுப்பினார். பிறகு நெடுநேரம் ஒன்றும் வரவில்லை. நான் எத்தனையோ தடவை கடலில் கருவியை இறக்கிவிட்டு மேலே காத்திருந்திருக்கிறேன். அங்கே கயிறு என் கையில் இருக்கும்.

ஃபோன் அடித்தபோது என்னால் உடனே எடுக்க முடியவில்லை. நாத்தனார் பட்டனைத் தொட்டு என் காதில் வைத்தாள்.

"நல்லபடியா முடிஞ்சிடுச்சு" என்றார் கணவர். "மயக்கம் இப்பதான் தெளியுது. ஃபோனை அவ காதுகிட்ட வெக்கறேன். பேசு."

மூச்சுச் சத்தம் கேட்டது. உறங்கி எழும்போது அவள் விடுகிற அதே சின்ன மூச்சு.

"கண்ணம்மா" என்றேன்.

"அம்மா." குரல் குழறியது. "வந்துட்டியா?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை போதும். கண்ணில் கட்டு, பாதி மயக்கம், காதருகில் என் குரல். நாத்தனார் என்னைப் பார்த்துக் கண்ணை அகல விரித்தாள். இந்த முறை எனக்குப் புரிந்தது. ஆமாம் என்று சொல்லச் சொல்கிறாள்.

"பக்கத்துலதான்டா இருக்கேன்" என்றேன்.

"கையைக் குடு."

மறுமுனையில் துணி உரசும் சத்தம் கேட்டது. கணவர் தன் கையைக் கொடுக்கிறார் என்று புரிந்துகொண்டேன். அவள் விரல்கள் அந்தக் கையைத் தடவிப் பார்ப்பது எனக்கு இங்கே தெரிந்தது.

"இது அப்பா கை" என்றாள்.



"ஆமாண்டா. அப்பா கைதான்" என்றேன். "அம்மா இன்னும் கப்பல்லதான் இருக்கேன். வர முடியல. வர்றதுக்கு ஒரு வழி இருந்துச்சு, அம்மாதான் கெடுத்துட்டேன்."

அவள் யோசித்தாள். அழுவாள் என்று எதிர்பார்த்தேன். கத்துவாள், ஃபோனைத் தள்ளிவிடுவாள் என்று எதிர்பார்த்தேன். அதற்கு நான் தயாராக இருந்தேன்.

"நான் அழக் கூடாது. அழுதா கட்டு நனைஞ்சிடும்" என்றாள் மெதுவாக. பிறகு, "வெச்சிடாதே" என்றாள்.

"வெக்கமாட்டேன்."

"ஏதாவது சொல்லு."

என்ன சொல்வது? கப்பலைப் பற்றிச் சொன்னேன். சமையல்காரர் வெங்காயத்திடம் சண்டை போடுவதைச் சொன்னேன். எல்லோரும் குளிக்காமல் நாறுவதைச் சொன்னேன். அத்தைகூடவா என்று கேட்டாள். அத்தைதான் எல்லோரையும்விட மோசம் என்றேன். நாத்தனார் தலையைத் திருப்பிக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது. அழுகிறாளா, சிரிக்கிறாளா என்று நான் பார்க்கவில்லை. ஃபோனில் சார்ஜ் குறைந்து சிவப்புக் காட்டியபோது, அவள் எழுந்துபோய், கயிறு சுற்றும் எந்திரத்தின் அறையிலிருந்து நீளமான வயரை இழுத்துக்கொண்டு வந்து, வீங்கிய விரல்களோடு சார்ஜரைச் செருகிவிட்டு, கொதிக்கிற இரும்பில் என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

நான் பேசிக்கொண்டே இருந்தேன். மறுமுனையிலிருந்து வந்த 'ம்' கொட்டல் மெலிந்து, பின் நின்றுபோனது. மூச்சு மட்டும் வந்தது. பிறகு கணவரின் குரல், தூரத்திலிருந்து பேசுவதுபோல, ரகசியமாக வந்தது.

"தூங்கிட்டா. நீ வெச்சிடு."

"வேண்டாம்" என்றேன். "முழிச்சுப் பாத்தா தேடுவா. அவ காதுகிட்டயே இருக்கட்டும்."